பெரட்டுக்களத்து டொபி

மாதாமாதம் பௌர்ணமிக்கு வருகிற போயா நாள் பதுளையில் எல்லோருக்கும் விடுமுறை. எனக்கு மட்டும் அன்றைக்குத்தான் வேலை. ஏதாவது ஒரு தேயிலைத் தோட்டத்துக் கத்தோலிக்கக் கோயிலில் இளையோர் தியானம் இருக்கும். இளையோருக்குப் பொறுப்பான ஃபாதர் தன்னுடைய பழைய ஜீப்பை ஓட்டுவார். பக்கத்தில் கீபோர்ட் வாசிக்கிற தம்பி. பின்னால், ஒலிபெருக்கிப் பெட்டிக்கும் பாட்டுத்தாள் கட்டுக்கும் நடுவில் நான். வாரநாட்களில் பள்ளிக்கூடத்தில் தமிழும் திருமறையும் படிப்பிக்கிற ஆசிரியை, போயா நாட்களில், அழைப்பிதழில் பேச்சாளரை 'வளவாளர்' என்று போடுவார்களே, அந்த ஆள். இருபது வருடமாக இப்படித்தான் போகிறது. அந்த 'வளவாளர்' என்ற சொல்லைப் பார்த்தால் எனக்கு இன்னமும் கொஞ்சம் தலை நிமிரும். அதை ஒளித்துப் பயனில்லை. நான் சொல்லப்போகிற சங்கதியே அப்படித் தலை நிமிர்ந்ததால் வந்ததுதான்.

தியானத்தில் காலை நேரம் ஃபாதருடையது. அப்போது பிள்ளைகள் குளித்து, தலை வாரி, நல்ல சட்டை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். விவிலியத்தில் எந்தப் பக்கத்தைச் சொன்னாலும் புரட்டுவார்கள். மத்தியானம் சோறு, பருப்பு, சோயாமீட், கருவாட்டுப் பொரியல் எல்லாம் முடிந்து, கோயில் தகரம் சூடேறி, இரண்டு மணி ஆகும்போது மைக்கை என் கையில் தருவார். "நீங்கதான் டீச்சர் இதுகள எழுப்பணும்" என்பார். அது புகழ்ச்சியா, தந்திரமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிள்ளைகளைக் குறை சொல்லவும் முடியாது. பாதிப் பேர் கொழும்புக் கடைகளில் ஆறு நாளும் நின்றபடி வேலை செய்துவிட்டு பஸ்ஸில் ஊர் வந்தவர்கள். மீதிப் பேர் கொழுந்து எடுக்கிறவர்கள், இல்லாவிட்டால் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறவர்கள். கண்ணைத் திறந்துகொண்டே தூங்கப் பழகியவர்கள்.

விசுவாசம், நம்பிக்கை, அழைப்பு என்று எவ்வளவு அழகாகப் பேசினாலும் அந்த இரண்டு மணிக் கூட்டம் அசையாது. "ஒரு பிள்ளை இருந்தா..." என்று தொடங்கிப் பாருங்கள், பின்வரிசையில் சாய்ந்திருக்கிறவன் நிமிர்வான். எனக்கு இது முதல் வருடமே தெரிந்துவிட்டது. அதனால் கதைகளைச் சேர்க்க ஆரம்பித்தேன். தியானங்களில் பிள்ளைகள் என்னிடம் வந்து சொல்வது, சொல்லி அழுவது எல்லாம் மனதில் தங்கும். அடுத்த தோட்டத்தில் அதில் ஒன்றை எடுத்து விடுவேன். அதற்கு எனக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தேன். பெயர் சொல்லக்கூடாது, தோட்டத்தை மாற்ற வேண்டும், வயதை மாற்ற வேண்டும். மூன்றையும் மாற்றிவிட்டால் அந்தக் கதை யாருக்கும் சொந்தமில்லை என்பது என் கட்சி.

அந்தப் பெண் என்னிடம் வந்தது பதுளையில் நடந்த ஒரு தியானத்தில். சாப்பிட்டுவிட்டு வெளியே பைப்பில் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றாள். மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம், பதினேழு வயது. அவளுடைய தட்டு ஏற்கெனவே கழுவியிருந்தது, அதையே திரும்பத் திரும்பக் கழுவினாள்.

"டீச்சர், ஒரு பொய் சொல்லிட்டேன். ஒரு வருஷமா அது வளந்துக்கிட்டே போகுது."

"என்ன பொய்யம்மா?"

"ஓ.எல். ரிசல்ட் வந்தன்னைக்கு நான்தான் போன்ல பாத்தேன். எல்லாம் இருக்கு, கணக்கு மட்டும் டபிள்யூ, ஃபெயிலு. அம்மா பக்கத்துலயே நின்னுச்சு. 'பாஸா?'ன்னு கேட்டுச்சு. அது மூஞ்சியப் பாத்தேன் டீச்சர். 'பாஸு'ன்னு வாயில வந்துருச்சு."

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அவளுடைய அம்மா கொழுந்து எடுக்கிறவர். அவர்கள் குடும்பத்தில் பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சை வரைக்கும் போன முதல் ஆள் இந்தப் பிள்ளை. அம்மா அன்றைக்கே கடையில் டொபி மிட்டாய் வாங்கி, மறுநாள் விடியக்காலை வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்களத்துக்குக் கொண்டுபோய், நின்றிருந்த எல்லோருக்கும் கையில் கையில் வைத்துக் கொடுத்திருக்கிறார். கங்காணிக்கு மட்டும் இரண்டு. "எம் புள்ள பாஸு" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லிக் கொடுத்தாராம். அதற்குப் பிறகு இவள் எப்படி வாயைத் திறப்பாள்? உயர்தர வகுப்பில் தான் கேட்ட பாடத்துக்கு இடமில்லை என்று இன்னொரு பொய் சொல்லிவிட்டு வீட்டில் இருந்தாள். அம்மா அந்தப் பள்ளிக்கூடத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்.

நான் அவளுக்கு உண்மையைப் பற்றிய வசனத்தை எடுத்துக் கொடுத்தேன். அம்மாவிடம் சொல்லிவிடு, பாரம் இறங்கும் என்றேன். அது தப்பான புத்திமதி இல்லை. ஆனால் அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது வேறு ஒன்று இருந்தது. எனக்கும் அதே கணக்குப் பாடம்தான். அவள் ஒரு தடவை, நான் இரண்டு தடவை தவறினேன், எங்கள் காலத்தில் டபிள்யூவுக்குப் பெயர் எஃப். மூன்றாவது தடவைதான் கரையேறினேன். இருபது வருடமாகப் போகாத தோட்டமில்லை, சொல்லாத கதையில்லை, இதை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரருக்கே முழுக்கத் தெரியாது. வளவாளர் ஃபெயிலாகியிருக்கலாமா? தட்டைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அவள் போய் அம்மாவிடம் சொன்னாள். நாலைந்து நாள் கழித்து எனக்குப் போன் எடுத்தாள். அம்மா இரண்டு நாள் பேசவே இல்லையாம். மூன்றாம் நாள் ரொட்டி சுடும்போது, முகத்தைப் பார்க்காமலே, "எங்கிட்ட சொன்னதே போதும். லயத்துக்குச் சொல்ல வேணாம். திருப்பி எழுது" என்றாராம். அவ்வளவுதான். பதுளையில் சனிக்கிழமை நடக்கிற ஒரு கணக்கு வகுப்பை நான்தான் பிடித்துக் கொடுத்தேன். லயத்து வரிசை வீடுகளில் கேட்டவர்களுக்குக் கம்ப்யூட்டர் கிளாஸ் என்று சொல்லிக்கொண்டார்கள். அந்தப் பொய்யில் எனக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. தனிப்பட்ட பரீட்சார்த்தியாக, யாருக்கும் தெரியாமல், இன்னொரு தடவை எழுதிப் பார்ப்பது. அது ஒன்றுதான் அந்தப் பிள்ளை கேட்டது. விஷயம் அவளுக்கும் அம்மாவுக்கும் எனக்கும்தான் தெரியும். பரீட்சைக்கு ஐந்து மாதம் இருந்தது.

அடுத்த தியானம் தெமோதரைப் பக்கத்தில் ஒரு சின்னத் தோட்டத்துக் கோயிலில். நான் பிறந்து வளர்ந்த பக்கம் அது, அதனால் அங்கே நன்றாகப் பேசவேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. சாப்பாடு வழக்கத்தைவிடப் பலமாக இருந்தது. இரண்டு மணிக்கு மைக்கைப் பிடித்தேன். ஒரு சமாரியப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன், அசைவில்லை. ஒரு புனிதரைப் பற்றிச் சொன்னேன், ஒருத்தி கொட்டாவி விட்டாள். கீபோர்ட் தம்பி என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். எனக்குச் சுருக்கென்றது.

"ஒரு பிள்ளை இருந்தா" என்று ஆரம்பித்துவிட்டேன்.

சட்டப்படிதான் செய்தேன். தோட்டத்தை நுவரெலியாப் பக்கம் கொண்டுபோனேன். கணக்கை விஞ்ஞானமாக்கினேன். வயதைக் குறைத்தேன். டொபியை மட்டும் மாற்றவில்லை. மாற்ற மனம் வரவில்லை என்பதுதான் உண்மை. விடியக்காலைக் குளிரில் ஒரு அம்மா பெரட்டுக்களத்தில் நின்று, பொய்யான ஒரு பாஸுக்கு ஊருக்கெல்லாம் டொபி கொடுக்கிற அந்தக் காட்சி இல்லாவிட்டால் அந்தக் கதையில் என்ன இருக்கிறது? கங்காணிக்குக் கொடுத்த இரண்டையும் நான் விடவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு அந்தப் பெண் அம்மாவிடம் உண்மையைச் சொன்ன இடம் வந்தபோது சத்தமில்லை. தம்பி மெதுவாக வாசிக்கத் தொடங்கினான். இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்தார்கள். நான் மைக்கைக் கீழே வைத்தபோது ஃபாதர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

தேத்தண்ணி குடிக்கிற நேரம், சமையலுக்கு வந்திருந்த பெண்களில் ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு என் பக்கத்தில் வந்தாள்.

"டீச்சர், பெரட்டுல டொபி குடுத்தது எங்க அத்தைதானே? நான் மடுல்சீமையில இருந்துதான் இங்க கட்டிக்கிட்டு வந்தேன். அன்னைக்குப் புள்ளப்பேறுக்கு எங்கம்மா வீட்டுல இருந்தேன். எம் பங்கு டொபிய எங்கம்மா மடியில முடிஞ்சு கொண்டாந்து குடுத்துச்சு."

"இல்லம்மா, இது நுவரெலியாப் பக்கம்" என்றேன்.

"சரிங்க டீச்சர்" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

உண்மை பேசுவதைப் பற்றி அரைமணி நேரம் பேசி முடித்த வாய், ஒரு கோப்பை தேத்தண்ணி ஆறுவதற்குள் பொய் சொன்னது. தெமோதரைக்கும் மடுல்சீமைக்கும் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்த எனக்கு, அந்தத் தூரத்துக்கு நடுவில் பெண் கொடுத்திருப்பார்கள், பெண் எடுத்திருப்பார்கள் என்பது எப்படித் தோன்றாமல் போனது? நானே அப்படி ஒரு தோட்டத்திலிருந்து கட்டிக்கொடுக்கப்பட்டவள்தான்.

நாலாம் நாள் வட்ஸ்அப்பில் செய்தி வந்தது. "டீச்சர் நான் இனி கிளாசுக்கு வரல. எக்ஸாமும் எழுதல. எல்லாருக்கும் தெரிஞ்சிருச்சு." அதன் பிறகு நான் அனுப்பியதற்குப் பதில் இல்லை. போன் எடுத்தால் மணி அடித்து ஓய்ந்தது.

எனக்கு வந்தது முதலில் கோபம்தான். சட்டிப் பானை கழுவ வந்தவளுக்கு இந்த வேலை எதற்கு என்று கோபம். ஒரு வார்த்தையை லயத்தில் வைத்தால் மறுநாள் மலை முழுக்க அது நிற்கிறதே என்று கோபம். இதற்குப் போய்ப் பரீட்சையை விடுவாளா என்று அந்தப் பிள்ளை மேலும் கோபம். இரண்டு நாள் வீட்டில் பாத்திரங்களை நான் வைத்த விதத்தைப் பார்த்து வீட்டுக்காரர் வெளியிலேயே இருந்துகொண்டார். எல்லோர் மேலும் கோபப்பட்டு முடித்த பிறகு மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான்.

ஃபாதரிடம் போனேன். பங்குமனை வாசலில் ஜீப்பின் டயரைக் கழற்றிக்கொண்டிருந்தார். நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டு, "பேர் சொல்லலையே ஃபாதர்" என்றேன்.

அவர் கையைத் துணியில் துடைத்தார். "அந்தப் புள்ள பாவசங்கீர்த்தனத்துல எங்கிட்ட வந்து இதச் சொல்லியிருந்தா, நான் செத்தாலும் வாயத் திறக்க முடியாது. அப்படி ஒரு பூட்டு இருக்குன்னு அதுகளுக்குத் தெரியும். உங்ககிட்ட பூட்டு இல்ல டீச்சர். அது தெரிஞ்சும் உங்ககிட்ட வந்துச்சு."

அழுகை வந்துவிட்டது. அவர் டயர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"போயிட்டு வாங்க. பைபிள எடுத்துக்கிட்டுப் போகாதீங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பஸ் எடுத்தேன். பசறையில் மாறி, மடுல்சீமை போய், அங்கிருந்து அவர்களுடைய தோட்டத்து டிவிஷனுக்கு இறங்குகிற பாதையில் முக்கால் மணி நேரம் நடந்தேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. வழியில் கண்ட ஒவ்வொருவரும் "டீச்சர் எங்க போறீங்க?" என்று கேட்டார்கள், எங்கே போகிறேன் என்று அவர்களுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும்.

அம்மா லயத்து வாசலில் உட்கார்ந்து கொழுந்துக் கூடைக்குப் புதுக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும், ஒன்றிரண்டு கூட. "வாங்க டீச்சர்" என்றார். சிரிக்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் துடைத்துப் போட்டார். கோபமாக இருந்தாலும் தேத்தண்ணி வந்தது, சீனியும் போட்டிருந்தது.

"பெரட்டுல ஒருத்தி கேக்குறா, 'அடுத்த டொபி எப்பக்கா?'ன்னு" என்றார். "மலையில நெரைக்கு நெரை கத்தி கேக்குறாளுக. கொழுந்து நிறுக்கிற எடத்துல கணக்கப்பிள்ளயும் சிரிக்கிறாரு. நானும் சிரிச்சுக்கிட்டுத்தான் எடுக்குறேன், சிரிக்காம என்ன செய்ய? ஆனா எம் புள்ள சிரிக்கல டீச்சர். அது வெளிய வந்து பத்து நாளாச்சு."

சொல்லக்கூடாது என்று நினைத்துக்கொண்டு வந்ததுதான் முதலில் வாயில் வந்தது. "நான் பேர் சொல்லலக்கா."

"பேரா? பேர யாரு கேட்டா? டொபியத் தின்ன வாயி நாப்பது இருக்கு."

அதற்கு மேல் என்ன இருக்கிறது? "தப்புதான் அக்கா" என்றேன். "என்னய நம்பிச் சொன்னத எடுத்து, எனக்குக் கை தட்டு வாங்கிக்கிட்டேன். மன்னிச்சுக்கங்க." பிறகு, இருபது வருடமாக மைக் பிடித்த எனக்கு, அந்த வாசலில் உட்கார்ந்து வார்த்தை வரவில்லை. தேத்தண்ணியைக் குடித்தேன். குடித்துவிட்டுச் சொன்னேன். "நானும் கணக்குல ஃபெயில் அக்கா. ரெண்டு தடவ."

அம்மாவின் கை கயிற்றில் நின்றது. உள் காம்பராவில் ஏதோ அசைந்தது. பத்து நாளாக வெளியே வராத பிள்ளையின் குரல் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து வந்தது.

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"மூணாவது தடவ எத்தன?"

"எஸ். வெறும் பாஸு."

பிறகு அவள் கதவருகில் வந்து நின்றாள். மெலிந்திருந்தாள். "அன்னைக்குப் பைப்புல நிக்கையில இதச் சொல்லியிருக்கலாமே டீச்சர்" என்றாள். அதில் குற்றம் சாட்டுகிற தொனிகூட இல்லை. அது இருந்திருந்தால் எனக்குத் தாங்குவது சுலபமாக இருந்திருக்கும்.

"சொல்லியிருக்கணும். வெக்கமா இருந்துச்சு" என்றேன். "இப்பவும் எழுதலாம்மா. நான் எழுதல?"

"உங்கள யாரும் பாக்கல. நீங்க ஒளிஞ்சு எழுதிட்டீங்க. நான் எழுதப் போனா பஸ்ல ஏறுறதுல இருந்து முழுத் தோட்டமும் பாக்கும். திரும்ப ஃபெயிலானா?"

அவளிடம் இருந்தது அந்த மறைவு ஒன்றுதான், அதைத்தான் நான் எடுத்துவிட்டேன். எந்த வசனத்தைச் சொல்லி அதைத் திருப்பிக் கொடுப்பது? நல்லவேளை, பைபிள் கையில் இல்லை.

அம்மாதான் பேசினார். கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே, கூடையிடம் சொல்வதுபோல் சொன்னார். "இந்த லயத்துக்கு ஒரு நேரத்துல ஒரு பேச்சு போதும் டீச்சர். புதுசு ஒண்ணு கெடச்சா பழச விட்டுரும். எங்க கோயில்ல வந்து பேசுங்க. எம் மக கதய இல்ல. உங்க கதய."

அந்தக் கோயிலில் சொன்னால் மடுல்சீமையோடு நிற்காது, எத்தனை நாளில் பதுளைக்கு வரும் என்பது எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். என் பள்ளிக்கூடம் இருக்கிறது. "நான் உங்க வயசில..." என்று நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொண்டிருக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். "யோசிச்சுச் சொல்றேன் அக்கா" என்றேன்.

"யோசிங்க" என்றார் அம்மா. "எங்கள யாரும் யோசிக்க விடல."

அந்தக் கோயிலில் மாதத்துக்கு ஒரு பூசை. அடுத்த பூசையில், நற்கருணை முடிந்து கடைசி ஆசீருக்கு முன்னால் ஃபாதர் எனக்குப் பத்து நிமிடம் தந்தார். கீபோர்ட் தம்பியை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் அம்மா இருந்தார். பிள்ளை வரவில்லை.

நான் இரண்டு தடவை கணக்கில் தவறியதைச் சொன்னேன். வரிசைகளில் ஒரு சலசலப்பு ஓடியது. அதோடு முடித்திருக்கலாம். ஆனால் மற்றவர்களுடைய கதையில் டொபியை விடாதவள், என் கதையில் இருப்பதை மட்டும் விடலாமா? அதனால் அப்பாவையும் சொன்னேன்.

முதல் தடவை தவறியபோது, என் ரிசல்ட்டை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். தன் பிள்ளைக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று நம்பி, வேலைக்குப் போகாமல், தெமோதரை ஸ்டேஷன் வரை நடந்து, ரயிலேறிப் பதுளைக்கு வந்து ஓர் அலுவலகத்தில் போய்க் கேட்டார். ஆள் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். மறுபடி வந்தார், நாளை வரச் சொன்னார்கள். மூன்றாவது தடவை யாரோ ஒருவர் இரக்கப்பட்டு விசாரித்துச் சொல்லிவிட்டார். அன்றைக்கு அப்பா வீட்டுக்கு வந்து, கால் கழுவி, கையிலிருந்த பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். கணக்குப் பாடத்தின் கடந்தகால வினாத்தாள் புத்தகம். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கும் பேசவில்லை, நான் இரண்டாம் தடவை தவறியபோதும் பேசவில்லை, சாகிறவரை அதைப் பற்றிப் பேசவேயில்லை. தான் அங்கே போய் நின்ற மூன்று நாளையும் எனக்குச் சொன்னது என் அம்மாதான், அவர் ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டவில்லை.

இதைச் சொல்லி முடித்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். தியானங்களில் எந்த இடத்தில் குரல் தழுதழுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். இது அது இல்லை, மூக்கு ஒழுகுகிற அழுகை. கோயிலில் ஒருவரும் தூங்கவில்லை. நான் அந்த இருபது வருடத்தில் பேசியதிலேயே நல்ல பேச்சு அதுதான் என்று ஃபாதர் பிறகு சொன்னார். தலை நிமிரவில்லை. அப்பாவிடம் ஒரு தடவையாவது இதைச் சொல்லியிருக்கலாமே என்றுதான் இருந்தது.

அம்மா சொன்னது அப்படியே நடந்தது. கோயில் வாசலிலேயே ஒரு பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ டீச்சர், ரெண்டு தடவையா?" என்றார். ஒரு வாரத்தில் பதுளை பஜாரில் மரக்கறி விற்கிற பெண், "டீச்சருக்கும் கணக்கு வராதாமே" என்று சிரித்துக்கொண்டே மீதியை எண்ணித் தந்தாள். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அறையில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. இரண்டு நாள் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மூன்றாம் நாள் என் பதினோராம் வகுப்பில் கடைசி வரிசைப் பையன் ஒருவன், "டீச்சர், ரெண்டாவது தடவ ஃபெயிலானதும் என்ன செஞ்சீங்க?" என்று கேட்டான். கேலி இல்லை, அவனுக்கு அது தெரியவேண்டியிருந்தது. அன்றைக்கு இலக்கணப் பாடம் நடக்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் சனிக்கிழமை, பதுளை பஸ் நிலையத்தில் அவளைக் கண்டேன். கையில் கணக்குக் கொப்பி, பைக்குள் ஒளிக்காமல் வெளியிலேயே பிடித்திருந்தாள். பின்னால் அம்மா வந்துகொண்டிருந்தார். பெரட்டுக்களத்தில் யாரோ மறுபடி டொபியைப் பற்றிக் கேட்டபோது, "எம் புள்ள திருப்பி எழுதப் போகுது, டீச்சர் மாதிரி" என்று சத்தமாகவே சொல்லிவிட்டாராம். அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, தலையை மட்டும் அசைத்தாள். எனக்கு அது போதும்.

எழுதினாள். ரிசல்ட் வந்த அன்று அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் போனைத் திறந்தாளாம். கணக்கு எஸ். மறுநாள் பெரட்டுக்களத்தில் எல்லோரும் டொபிக்குக் கை நீட்ட, அம்மா கூடையை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டே, "அன்னைக்குத் தின்னீங்களே, அது இதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு மலைக்கு ஏறிவிட்டார்.

போயா நாட்களில் இன்னமும் போகிறேன். இரண்டு மணிக்கு மைக் என் கைக்கு வருகிறது. பிள்ளைகள் வந்து என்னிடம் சொல்வதை இப்போது எங்கேயும் எடுத்துப் போவதில்லை. என் கதைகளையே சொல்கிறேன். அவை கொஞ்சம்தான், அதனால் பேச்சும் சுருங்கிவிட்டது. சிலர் தூங்கிவிடுகிறார்கள். தூங்கட்டும் என்று விட்டுவிடுகிறேன். தம்பிக்கு அதில் வருத்தம்.

இதை எழுதுவதற்கு முன்னால் மறுபடி அந்த லயத்து வாசலுக்குப் போய்க் கேட்டேன். பிள்ளை இப்போது உயர்தரம் படிக்கிறாள். "எழுதுங்க டீச்சர், டொபிய விட்டுறாதீங்க" என்றாள். அம்மா அவ்வளவு சுலபமாக விடவில்லை.

"எழுதுங்க. ஆனா எம் மக மார்க்கப் போட்டு, உங்க மார்க்க நைசா விட்டீங்கன்னா, பதுளைக்கே வந்து கேப்பேன். கடைசியா அதத்தான் போடணும்."

போட்டுவிட்டேன் அக்கா. கணக்கு. முதல் தடவை எஃப். இரண்டாம் தடவை எஃப். மூன்றாம் தடவை எஸ்.